ஸ்டட்லி ராயல் புனித மரியாள் தேவாலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தச் சர்ச்? எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷரில் ரிப்பன் என்று ஒரு சிறிய நகரம் இருக்கிறது. சிறியதுதான், ஆனால் அங்கே பெரிய கதீட்ரல் உண்டு. அதிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஸ்டட்லி ராயல் என்ற பழைய எஸ்டேட் வரும். அதன் மான் பூங்காவின் நடுவே, சற்று மேடான இடத்தில், உயரமான கூம்புக் கோபுரத்தோடு தனியாக நிற்பதுதான் புனித மரியாள் தேவாலயம். 1871-இல் தொடங்கி 1878-இல் முடித்தார்கள். வடிவமைத்தவர் வில்லியம் பர்ஜஸ். பக்கத்திலேயே ஃபவுன்டன்ஸ் ஆபி என்ற புகழ்பெற்ற மடத்தின் இடிபாடும், 18-ஆம் நூற்றாண்டு நீர்த்தோட்டமும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. வருகிறவர்கள் பெரும்பாலும் மடத்தைப் பார்த்து, தோட்டத்தில் நடந்து, களைத்துப் போய்த் திரும்பிவிடுகிறார்கள். சர்ச்சுக்குள் நுழையாமல் போகிறவர்கள் பெரிய ஒன்றைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எஸ்டேட் சர்ச் என்றால் என்ன?

எஸ்டேட் என்றதும் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அது ஒரு பிரபு குடும்பத்தின் மாளிகை, பூங்கா, குத்தகை நிலங்கள், குத்தகைக்காரர் குடியிருக்கும் கிராமங்கள் எல்லாம் சேர்ந்தது. நம்மூர் ஜமீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிலத்துக்குள், அந்தக் குடும்பத்தின் செலவில் எழுந்து, அந்தக் குடும்பத்தோடு பின்னிக் கிடப்பதுதான் எஸ்டேட் சர்ச். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் பிரபு வருவார், வேலையாட்களும் குத்தகைக்காரர்களும் வருவார்கள், அவரவர் நிலைக்கு ஏற்ற இடத்தில் உட்காருவார்கள். பல இடங்களில் போதகரை நியமிக்கும் உரிமைகூட நிலச்சொந்தக்காரர் கையில்தான் இருந்தது. செத்தால் புதைப்பதும் அங்கேதான். இப்படிப்பட்ட சர்ச்சுகளில் சுவர் முழுக்க ஒரே குடும்பத்தின் பெயர்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டியது நம்ம ரிப்பன் பிரபுவா? ரிப்பன் மாளிகை ரிப்பனா?

அவரேதான். சென்னையில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் வெள்ளைவெளேரென்று நிற்கும் மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் ராபின்சன், ரிப்பன் பிரபு. 1827-இல் பிறந்தவர். பிறந்த வீடு லண்டனில் 10, டவுனிங் தெரு, ஏனென்றால் அப்போது அவருடைய அப்பா காட்ரிச் பிரபுதான் பிரிட்டனின் பிரதமர். ஸ்டட்லி ராயல் எஸ்டேட் அவருக்கு 1859-இல் பெரியப்பாவிடமிருந்து வந்தது. சர்ச் வேலை தொடங்கிய 1871-ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவோடு வாஷிங்டன் ஒப்பந்தத்தைப் பேசி முடித்ததற்காக அவருக்கு மார்க்விஸ் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் கிடைத்தது. 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராய். அதாவது, அவர் நம் நாட்டுக்குக் கப்பலேறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் இந்தச் சர்ச் முடிந்திருக்கிறது.

அவர் தனியாகக் கட்டினார் என்று சொல்வது சரியாகாது. மனைவி ஹென்ரியெட்டாவின் பங்கு மிகப் பெரியது. காரணம், சர்ச் எழுந்ததே அவருடைய தம்பியை முன்னிட்டு.

தம்பிக்கு என்ன ஆயிற்று?

ஃபிரெடரிக் வைனர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். 1870 ஏப்ரலில் கிரீஸுக்குச் சுற்றுலா போயிருந்தார். ஏதென்ஸிலிருந்து ஒரு குழு மாரத்தான் போர்க்களத்தைப் பார்க்கக் கிளம்பியது. மன்காஸ்டர் பிரபுவும் அவர் மனைவியும், பிரிட்டிஷ் தூதரகச் செயலர் எட்வர்ட் ஹெர்பர்ட், இத்தாலியத் தூதரகத்தைச் சேர்ந்த டி பாய்ல், எட்வர்ட் லாயிட் என்ற வழக்கறிஞரும் அவர் குடும்பமும், இவர்களோடு வைனர். ஏப்ரல் 11 அன்று திரும்பி வரும் வழியில் அர்வானிடாகிஸ் சகோதரர்களின் கொள்ளைக் கூட்டம் மடக்கிவிட்டது.

பெண்களை விட்டுவிட்டார்கள். பணம் புரட்டி வர மன்காஸ்டரையும் அனுப்பினார்கள். மிச்சம் நான்கு ஆண்கள் பிணைக்கைதிகள். பெரும் தொகை கேட்டார்கள், அதைக் கொடுக்கவும் ஆள் இருந்தது. ஆனால் பணத்தோடு பொதுமன்னிப்பும் வேண்டும் என்று கொள்ளைக்காரர்கள் பிடிவாதமாக நின்றார்கள். மன்னிப்பு கொடுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றது கிரேக்க அரசு. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருக்கும்போதே படை நெருங்கியது, கூட்டம் கைதிகளை இழுத்துக்கொண்டு ஓடியது. ஏப்ரல் 21 அன்று டிலெசி என்ற ஊர்ப் பக்கம் நான்கு பேரையும் கொன்றுவிட்டார்கள். பிரிட்டனில் பெரிய கொந்தளிப்பு, நாடாளுமன்றத்தில் விவாதம், கிரீஸைத் தண்டிக்க வேண்டும் என்று பத்திரிகைகளில் கூச்சல். மாரத்தானைப் பார்க்கப் போன பிள்ளை பத்தே நாளில் பிணமாகிவிட்டான் என்பதுதான் வீட்டில் இருந்தவர்களுக்கு மிஞ்சியது.

மீட்புப் பணத்தில் கட்டிய சர்ச் என்கிறார்களே, உண்மையா?

பிள்ளையை மீட்கத் திரட்டி வைத்து, கொடுக்க முடியாமல் போன பணத்தைத்தான் நினைவுச் சர்ச்சுக்குச் செலவழித்தார்கள் என்று அந்தப் பகுதியில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டு சர்ச்சுகளையும் முழுக்க அந்தப் பணம் கட்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரு குடும்பமும் பெரும் செல்வக் குடும்பங்கள், சொந்தப் பணமும் நிறையப் போயிருக்கும். வைனரின் நினைவாக எழுந்தவை என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

இரண்டு சர்ச்சா? இன்னொன்று எது?

ஆமாம். வைனரின் அம்மா லேடி மேரி வைனர், தன்னுடைய நியூபி ஹால் எஸ்டேட்டில் ஸ்கெல்டன்-ஆன்-யூர் கிராமத்தை ஒட்டி ஒன்றைக் கட்டினார். அதுவும் 1871-இல்தான் தொடங்கியது, 1876-இல் முடிந்தது. அதே பர்ஜஸ். அந்தச் சர்ச்சின் பெயர் 'ஆறுதல் அளிக்கும் கிறிஸ்து'. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வைத்த பெயர் என்று தெரிந்த பிறகு அதற்கு மேல் விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டும் ரிப்பன் நகரத்தை அடுத்து இருக்கின்றன, ஒன்று மேற்கே, மற்றது தென்கிழக்கே. ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

உறவு முறையையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழம்புகிறார்கள். லேடி மேரி, ரிப்பன் பிரபுவுக்கு மாமியார் மட்டுமில்லை, பெரியப்பா மகளும்கூட. ஆக, அக்கா முறை உள்ளவரின் மகளைக் கட்டியிருக்கிறார். நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகாது. இரண்டு எஸ்டேட்டும் ஒரே ரத்தம், துக்கமும் ஒரே வீட்டுத் துக்கம். அதனால்தான் ஒரே கட்டடக்கலைஞரை வைத்து ஒரே நேரத்தில் இரண்டு சர்ச்சுகள் எழுந்தன.

வில்லியம் பர்ஜஸ் யார்?

ரிப்பன் பிறந்த அதே 1827-இல் பிறந்தவர். இடைக்காலத்தை, குறிப்பாகப் பிரான்ஸின் 13-ஆம் நூற்றாண்டு கோதிக் கலையை (கூர்மையான வளைவுகளும் உயரமும் கொண்ட கட்டடப் பாணி), உயிராக நேசித்தவர். அயர்லாந்தின் கார்க் நகரில் உள்ள புனித ஃபின் பார் கதீட்ரல் இவருடையது. பியூட் பிரபுவுக்காகக் கார்டிஃப் கோட்டையின் உள்ளே இவர் செய்த அலங்காரங்களைப் பார்த்தால் ஒரு மனிதனின் கற்பனை இவ்வளவு தூரம் ஓடுமா என்று தோன்றும். பம்பாய்க் கலைப் பள்ளிக்கும் ஒரு திட்டம் வரைந்து கொடுத்தார், அது கட்டப்படவே இல்லை. 1881-இல், 53 வயதில் இறந்துவிட்டார். கட்டடத்தை எழுப்புவதோடு நிற்கிற ஆள் இல்லை அவர். கண்ணாடி, தரை, கதவு, மரச் செதுக்கல், உலோக வேலை என்று எதையும் விடாமல் தானே தீர்மானிப்பார். அதற்கென்று தன்னோடு ஒரு கைவினைஞர் குழுவையே வைத்திருந்தார். சிற்பங்களைச் செதுக்கிய தாமஸ் நிக்கோல்ஸ், கண்ணாடிக்குப் படம் வரைந்த ஃபிரெடரிக் வீக்ஸ், அதைச் செய்து கொடுத்த சாண்டர்ஸ் பட்டறை எல்லாம் அந்தக் குழுதான்.

வெளியே இருந்து பார்த்தால் சாதாரணக் கோதிக் சர்ச் மாதிரிதானே இருக்கிறது?

முதல் பார்வைக்கு அப்படித்தான் தெரியும். சாம்பல் நிறக் கல், மேற்குப் பக்கத்தில் கோபுரம், அதன் மேல் கூம்பு, நடுக்கூடம், இரு பக்கமும் பக்கக்கூடங்கள், கிழக்கே பலிபீடம் இருக்கும் பகுதி. இங்கிலாந்தில் ஆயிரம் ஊர்களில் இந்த அமைப்பைப் பார்க்கலாம்.

ஆனால் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். கிழக்கே கிராமத்துப் பக்க வாயிலில் இருந்து ஒரு நீண்ட மரச் சாலை நேராக ஏறி வருகிறது. அதன் மேற்கு முடிவில் சர்ச். சர்ச் வாசல் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தால், அதே நேர்கோட்டில், தூரத்தில் ரிப்பன் கதீட்ரலின் கோபுரங்கள். சர்ச்சுக்குப் பின்னால் அதற்கும் முந்தைய, 1805-இல் நிறுத்திய ஒரு கல்தூணும் அதே கோட்டில் இருக்கிறது. பழைய பார்வைக் கோட்டை அழிக்காமல், அதன் முடிவில் தன் கூம்பை நட்டிருக்கிறார் பர்ஜஸ். இடம் தேர்ந்தவர்களும் சரி, வடிவம் கொடுத்தவரும் சரி, நிலத்தை நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. மேற்கே நுழைந்ததும் நடுக்கூடம் அடக்கமாகத்தான் இருக்கும். நல்ல கல் வேலை, மரக் கூரை, அவ்வளவுதான். அங்கேயே நின்று திரும்பிவிடாதீர்கள். கிழக்கு நோக்கி நடக்க நடக்க நிறம் கூடிக்கொண்டே போகும். பாடகர் குழு உட்காரும் பகுதிக்கு வந்ததும் பல நிறப் பளிங்குத் தூண்கள், வண்ணம் பூசிய கூரை. அதையும் தாண்டிப் பலிபீடப் பகுதியில் தலைக்கு மேலே ஒரு குவிமாடம், அதில் தங்கப் பளபளப்போடு வானதூதர் கூட்டம். தரையில் மொசைக்கில் எருசலேம் நகரத்துக் கட்டடங்கள். ஓரிடத்தில் சிறகு விரித்த சிங்கம், நிக்கோல்ஸ் செதுக்கியது. ஜன்னல் கண்ணாடிகளில் திருவெளிப்பாடு நூலின் காட்சிகள், அதாவது பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் புதிய விண்ணகமும் புதிய மண்ணகமும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கதைதான் ஓடுகிறது: இழந்துபோன ஏதேன் தோட்டமும், கடைசியில் திரும்பக் கிடைக்கும் விண்ணகமும். அகாலத்தில் செத்த ஒருவனுக்காக எழுப்பிய இடத்தில் இந்தக் கதையை வைத்திருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். அப்போது அந்த நிறங்கள் எதுவும் ஆடம்பரமாகத் தெரியாது. நிதானமான நடுக்கூடத்திலிருந்து ஒளி நிறைந்த பலிபீடம் வரை நடப்பதே அந்தக் கதைக்குள் நடப்பதுதான்.

ஒரு நுட்பத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்வேன். பலிபீடப் பக்கத்து ஜன்னல்களில் கல் சட்டம் இரண்டு அடுக்காக இருக்கிறது. கண்ணாடியைப் பிடித்திருப்பது வெளி அடுக்கு. அதற்கு உள்ளே, கொஞ்சம் இடைவெளி விட்டு, கண்ணாடி இல்லாமல் வெறும் கல் வேலைப்பாடாக இன்னொரு அடுக்கு தனியாக நிற்கிறது. நாம் ஓரடி நகர்ந்தாலும் முன்னடுக்கும் பின்னடுக்கும் ஒன்றையொன்று வெட்டி, கண்ணாடி ஓவியம் வேறு வேறு துண்டுகளாகத் தெரியும். சுவர் தடிமனாகவும், அதே சமயம் கனமே இல்லாததாகவும் தோன்றும். இடைக்காலக் கொத்தர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஆனால் இவ்வளவு சிறிய சர்ச்சில் இதைச் செய்யத் துணிவும் வேண்டும், செலவழிக்க மனசும் வேண்டும்.

பாடகர் இருக்கைகளில் கிளிகள் இருக்கிறதாமே?

இருக்கின்றன. மரத்தில் செதுக்கி, பளிச்சென்று வண்ணம் பூசிய கிளிகள். குழந்தைகளை அழைத்துப் போனால் முதலில் கண்டுபிடிப்பது இவற்றைத்தான். பர்ஜஸுக்குக் கிளி என்றால் தனிப் பிரியம், அவருடைய வேறு வேலைகளிலும் வருகிறது. சர்ச்சில் கிளிக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு: இடைக்கால ஐரோப்பியக் கலையில் கிளி சொர்க்கத் தோட்டத்துப் பறவை, மாதா படங்களிலும் அது இடம்பெறும். யான் வான் ஐக் 1436-இல் முடித்த ஒரு மாதா ஓவியத்தில் குழந்தை இயேசுவின் கையில் ஒரு கிளி உண்டு. மாதா பெயரிலுள்ள சர்ச்சில், ஏதேனைக் கருப்பொருளாக வைத்திருக்கும் இடத்தில், அதைவிடப் பொருத்தமான பறவை கிடைக்காது.

பக்கத்தில் இருக்கும் ஃபவுன்டன்ஸ் ஆபிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஒரே எஸ்டேட் என்பதைத் தவிர நேரடிச் சம்பந்தம் இல்லை. மடம் 1132-இல் தொடங்கியது, எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539-இல் முடிந்தது. 1767-இல் வில்லியம் அய்ஸ்லபி அந்த இடிபாட்டை விலைக்கு வாங்கித் தன் தோட்டத்தோடு சேர்த்தார். அந்தத் தோட்டத்தைத் தொடங்கியவர் அவருடைய அப்பா ஜான் அய்ஸ்லபி, 1720-இல் தென்கடல் கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் பங்குகள் சரிந்தபோது நிதியமைச்சராக இருந்து பதவியிழந்தவர்.

ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும்போது ஒரு விஷயம் உறைக்கும். மடத்தில் வாழ்ந்தவர்கள் சிஸ்டர்சியன் துறவிகள். வண்ணக் கண்ணாடி வேண்டாம், ஓவியம் வேண்டாம், பகட்டே வேண்டாம் என்று விதி வைத்தவர்கள். அவர்களுடைய வெறுங்கல் சுவர்களுக்கு எட்டின தூரத்தில், அதே கோதிக் மொழியில், இருக்கிற எல்லா நிறத்தையும் கொட்டி ஒரு கோயில் கட்டியிருக்கிறார் பர்ஜஸ். எது உயர்ந்தது என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. எளிமையிலும் பக்தி உண்டு, நிறத்திலும் பக்தி உண்டு.

ரிப்பன் கத்தோலிக்கராக மாறிவிட்டாரே, அப்புறம் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சர்ச்சை எப்படிக் கட்டி முடித்தார்?

1874-இல், சர்ச் பாதியில் நிற்கும்போதே, அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அப்போது அவர் ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தின் இங்கிலாந்துத் தலைமைப் பதவியில் இருந்தவர், அதை உதறிவிட்டுத்தான் போனார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது சாதாரணச் செய்தி அல்ல, அரசியல் வாழ்க்கையே முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். பிறகு வைஸ்ராய் ஆனபோதும் ஒரு கத்தோலிக்கரை எப்படி அனுப்பலாம் என்று எதிர்ப்பு கிளம்பியது.

இருந்தும் சர்ச் நிற்கவில்லை. ஆங்கிலிக்கன் சர்ச்சாகவே கட்டி முடித்தார்கள். தன் மதம் மாறிய பிறகும், மனைவியின் தம்பிக்காக எடுத்த காரியத்தை அவர் கைவிடவில்லை என்பதை நான் மதிக்கிறேன். அவர் 1909 ஜூலை 9 அன்று ஸ்டட்லி ராயலிலேயே இறந்தார், இந்தச் சர்ச்சில்தான் அடக்கம். ஹென்ரியெட்டா அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1907-இல் போய்விட்டார். இருவருக்கும் வெள்ளைப் பளிங்கில் படுத்த நிலையில் சிலைகள் உள்ளே இருக்கின்றன.

சென்னைக்கு ஏன் அவர் மேல் அவ்வளவு பாசம்?

'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று சென்னை மக்கள் சொன்னது இன்னமும் நினைவில் இருக்கிறது. காரணங்கள் பல. அவருக்கு முந்தைய வைஸ்ராய் லிட்டன் காலத்தில் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1882-இல் நீக்கினார். 'சுதேசமித்திரன்' தொடங்கியதும் அந்த ஆண்டுதான். அதே ஆண்டில் நகராட்சி, உள்ளாட்சி அமைப்புகளில் தேர்தல் மூலம் இந்தியர் பங்கேற்க வழிசெய்த தீர்மானம் வந்தது. ஒரு மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயர் பொருந்துவது அதனால்தான். ஐரோப்பியரை இந்திய நீதிபதிகள் விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதாவையும் அவர் காலத்தில் கொண்டு வந்தார்கள். இங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்தெழுந்து அதை நீர்த்துப்போகச் செய்தது வேறு கதை. 1884-இல் அவர் கிளம்பியபோது வழிநெடுக மக்கள் திரண்டு வழியனுப்பினார்கள்.

ரிப்பன் மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது 1909-இல், அதாவது அவர் யார்க்‌ஷரில் அடக்கமான அதே ஆண்டில். 1913-இல் கட்டி முடித்தார்கள்.

எஸ்டேட்டின் மாளிகை எங்கே? இப்போது சர்ச் யாருடையது?

மாளிகை இல்லை. 1946-இல் தீப்பிடித்து அழிந்தது, குதிரை லாயக் கட்டடம் மட்டும் தப்பியது. பட்டமும் ரிப்பனின் ஒரே மகனோடு 1923-இல் முடிந்துபோனது. எஸ்டேட்டை 1966-இல் மாவட்ட நிர்வாகம் வாங்கியது, 1983 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. சர்ச்சில் வழக்கமான பங்கு வழிபாடு 1970 வாக்கில் நின்றுபோக, கட்டடம் அரசுப் பொறுப்புக்குப் போய், இப்போது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற இன்னொரு பாதுகாப்பு அமைப்பின் சார்பில் நேஷனல் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. ஸ்கெல்டன் சர்ச்சுக்கும் இதே கதிதான், சபை குறைந்துபோய் அதை 1990-களின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட தேவாலயங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. குடும்பமும் குத்தகைக்காரர்களும் போன பிறகு எஸ்டேட் சர்ச்சுகளுக்கு நேர்வது இதுதான். பராமரிக்க ஆள் கிடைத்ததே இந்த இரண்டின் அதிர்ஷ்டம்.

இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால்?

ஸ்டட்லி ராயல். பர்ஜஸின் சர்ச் வேலைகளில் உச்சம் என்று பலரும் சொல்வது இதைத்தான், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் ஸ்கெல்டனில் கூட்டம் இருக்காது. சிற்பங்கள் அங்கே இன்னும் நெருக்கமாக நிறைந்திருக்கும், வளைவுக்கு மேலே கிறிஸ்து விண்ணேறும் காட்சி அப்படியே நம்மை நோக்கிக் குனிந்த மாதிரி இருக்கும். நேரம் இருந்தால் தாயின் சர்ச்சை முதலில் பார்த்துவிட்டு, பிறகு அக்காவின் சர்ச்சுக்கு வாருங்கள்.

போகிறவர்களுக்கு ஏதாவது யோசனை?

கார் இருந்தால்கூட, கிராமத்துப் பக்க வாயிலில் இருந்து மரச் சாலை வழியாக நடந்தே போங்கள், கூம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். பூங்காவில் மூன்று வகை மான்கள் மேய்கின்றன, கிட்டே போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம். சர்ச் வருஷம் முழுக்கத் திறந்திருக்காது, நேரமும் மாறும், அதனால் கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். காலையில் போவது நல்லது, கிழக்கு ஜன்னலில் வெளிச்சம் நேராக விழும். கூரையைப் பார்க்கக் கையில் ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் நிச்சயம் பயன்படும். அப்புறம், வெளியே வந்ததும் பக்கத்தில் பாடகர்களுக்காகப் பர்ஜஸ் கட்டிய வீடு இருக்கிறது. அதையும் வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.